சின்னவளின் வண்டிக்குப் புதுப் பூச்சு

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள்: வீட்டுக்காரி, அவளுடைய தம்பி, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் முக்காலி மேல் ஏறி நின்ற அடுத்த வீட்டு சார், சின்னவள், கடைசியாக வீட்டுக்காரர். எந்தப் பட்டியலிலும் அவரைக் கடைசியில் வைப்பது அந்த வீட்டு வழக்கம். அதில் அவருக்குக் குறை இல்லை. பட்டியலில் இருக்கிறோமே என்று நினைத்துக்கொள்வார். ஆக மொத்தம் ஐந்து. எதையும் இரண்டு தடவை எண்ணுவது அவர் குணம். நாமும் இரண்டு தடவை எண்ணியாயிற்று. ஐந்துதான்.

சின்னவள் என்பது குதிரை. பெற்ற பெண்கள் இருவரும் கல்யாணமாகிப் போன பிறகு வந்தவள் என்பதால் அந்தப் பெயர். வாரம் ஒருமுறை அவளை ஊருக்கு வெளியே உள்ள மைதானத்துக்குக் கூட்டிப்போய்ச் சவாரி செய்வது வீட்டுக்காரியின் ஒரே பொழுதுபோக்கு. கூட்டிப்போக ஒரு வண்டி இருந்தது. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற பழைய இரும்பு டிரெய்லர். நடுவில் தடுப்பு வைத்து இரண்டு அறைகள், அறைக்கு ஒரு குதிரை. பின்கதவைக் கீழே சாய்த்தால் அதுவே ஏறுபலகை. ஒரு காலத்தில் வண்டி நீல நிறமாம். இப்போது துரு நிறம். தொட்டால் கையோடு வந்தது. தொடாவிட்டால் தானாக உதிர்ந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் நடக்கிற ஏற்றுகிற போராட்டம் அன்றும் தொடங்கியது. சின்னவள் ஏறுபலகையில் முன்னங்கால் ஒன்றை வைத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். காலை எடுத்துக்கொண்டாள்.

"ஏறுடி கண்ணு" என்றாள் வீட்டுக்காரி.

தம்பி பின்னாலிருந்து தள்ளினான். வால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டது.

"கேரட்டைக் காட்டுங்க!" என்றார் சுவர் மேலிருந்து அடுத்த வீட்டு சார்.

காட்டினார்கள். கழுத்து மட்டும் நீண்டு உள்ளே போனது, கேரட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தது. மூன்று கேரட் செலவு. குதிரை இருந்த இடத்திலேயே இருந்தது.

"தனியாப் போக பயப்படறா" என்றாள் வீட்டுக்காரி. "பக்கத்துல ஒரு துணை இருந்தா ஏறிடுவா. இன்னொரு குதிரை வாங்கிட வேண்டியதுதான்."

வீட்டுக்காரரின் கையிலிருந்த மண்வெட்டி நழுவிக் கீழே விழுந்தது.

"இன்னொண்ணா?"

"வண்டியில ரெண்டு அறை இருக்கு. ஒண்ணு சும்மாதானே கிடக்கு?"

"வீட்லயும்தான் ரெண்டு அறை சும்மா கிடக்கு. அதுக்காக யாரையாவது பிடிச்சுட்டு வந்து வச்சுக்கறோமா?"

"உங்கள வச்சுக்கிட்டு இருக்கேனே."

சுவர் மேல் ஓர் இருமல் கேட்டது. சிரிப்பை இருமலாக மாற்றுவதில் அடுத்த வீட்டு சாருக்கு நல்ல பயிற்சி.

"ரெண்டு ஊர் தள்ளி ஒரு சாம்பல் குதிரை விலைக்கு இருக்குக்கா" என்றான் தம்பி. "ரொம்ப சாது. ஆனா மாசக் கடைசிக்குள்ள வந்து ஏத்திக்கிட்டுப் போயிடணுமாம். இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்."

"மாப்ளே, உனக்கு வேற வேலையே இல்லையா?"

"ஞாயித்துக்கிழமை இல்ல மாமா."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டாக்டர் ஒருவர், எந்தக் கெட்ட நேரத்திலோ, வீட்டுக்காரரைத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். லாயத்துக்கும் எருக்குழிக்கும் நடப்பதும் நடைதானே என்றாள் வீட்டுக்காரி. வெறுங்கையோடு நடந்தால் கை வீணாகிறதே என்று தள்ளுவண்டியையும் கொடுத்தாள். அன்று முதல் தினமும் காலையில் நான்கு தள்ளுவண்டி குதிரை லத்தி அள்ளிப் போடுவது அவர் பொறுப்பு. இன்னொரு குதிரை என்றால் எட்டு. அந்தக் கணக்கை அவர் மண்வெட்டி தரையில் விழும் சத்தம் அடங்குவதற்குள் போட்டு முடித்துவிட்டார். இடுப்பு அப்போதே வலிக்கத் தொடங்கியது.

கூடாது என்று சொல்லலாம். அந்த வார்த்தையை அவர் அந்த வீட்டில் சொல்லிப் பழகியதில்லை. நேராக மோதினால் தோல்வி நிச்சயம். சுற்றிக்கொண்டு போனால்? மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மூளையில் பளிச்சென்றது. சாம்பல் குதிரை தானாக நடந்து வராது. ஏற்றிக்கொண்டு வர வண்டி வேண்டும். வண்டி இல்லாவிட்டால்?

தண்ணீர் குடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏம்மா, அந்த வண்டியைப் பார்க்கவே சகிக்கல. புதுக் குதிரையை அதுலயா கூட்டிட்டு வர்றது? நாலு பேர் என்ன நினைப்பாங்க? முதல்ல நல்ல ஆளாப் பார்த்துக் குடுத்து, துரு எடுத்து, பட்டி பார்த்து, ஜம்முனு பெயிண்ட் அடிச்சுடுவோம்."

கல்யாணமான நாளாக அவள் கேட்டு அவர் செய்யாத காரியங்களில் இதுவும் ஒன்று. பத்து வருஷமாக அவள் கெஞ்சி, மிரட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்த காரியம்.

"நிஜமாவாங்க?" என்றாள். கண்கள் அகன்றன. இன்னொரு கரண்டி பரிமாறினாள்.

வீட்டுக்காரர் தன் கெட்டிக்காரத்தனத்தில் மயங்கியிருந்ததால் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். எதற்கெடுத்தாலும் 'ஏன், எதுக்கு' என்று கேட்கிறவள், அன்றைக்கு ஒரு 'ஏன்' கூடக் கேட்கவில்லை.

ஊரில் பெயிண்டர்கள் மூன்று பேர். இரண்டு பேர் சுறுசுறுப்பானவர்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அவர்களை உடனே ஒதுக்கினார். மூன்றாமவருக்கு ஊர் வைத்த பெயர் 'நாளைக்கு.' எப்போது போய்க் கேட்டாலும் அவர் சொல்கிற பதில் அதுதான். ஒரு பையன் சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிக்கக் கொடுத்தானாம். திரும்ப வாங்க வந்தபோது மீசை வைத்திருந்தானாம். வீட்டுக்காரர் தேடிக்கொண்டிருந்த மகான் இவர்தான்.

பட்டறை முழுக்கத் தின்னர் நெடி. சுவரில் சாய்த்து வைத்த கார் கதவுகள், கயிற்றில் தொங்கும் முகமூடி, நூறு நிறம் தெளித்து எந்த நிறமும் இல்லாமல் போன தரை. நாளைக்கு ஓர் உப்புத்தாளை மடித்து வைத்துக்கொண்டு எதையோ நிதானமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எனக்கு அவசரமே இல்ல" என்றார் வீட்டுக்காரர்.

உப்புத்தாள் நின்றது. "என்ன சொன்னீங்க?"

"மெதுவாச் செய்யுங்க. எத்தனை நாளானாலும் பரவால்ல."

நாளைக்கு எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. தின்னராகவும் இருக்கலாம்.

"இந்தத் தொழிலுக்கு வந்ததுலேர்ந்து எல்லாரும் 'எப்ப முடியும், எப்ப முடியும்'னு கேட்டே என்னை நோகடிச்சுட்டாங்க சார். அதான் எனக்கும் ஒரு வீம்பு. நிதானமாச் செய்யின்னு சொன்ன முதல் மனுஷன் நீங்கதான். உங்க வண்டிய நாளைக்கே ஆரம்பிக்கிறேன்."

வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். மறுநாள் சும்மா எட்டிப் பார்த்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். நாளைக்கு ஆரம்பித்திருந்தார்.

ஆரம்பித்ததோடு நிற்கவில்லை. விளக்கு, தாழ்ப்பாள், நடுத் தடுப்பு, தரைப் பலகை எல்லாவற்றையும் கழற்றி வைத்திருந்தார். கழற்றிய போல்ட்டுகளை எண்ணவாவது ஒரு பொழுது போகட்டும் என்று வீட்டுக்காரர் உட்கார்ந்தார். அறுபத்து நான்கு. இன்னொரு தடவை எண்ணினார். அப்போதும் அறுபத்து நான்குதான். ஒரு டப்பாவில் போட்டு மூடி, "இதே அறுபத்து நாலும் திரும்பப் போகணும். ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் நான் ஒத்துக்க மாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொன்னார். வேறு எங்கும் கண்டிப்புக் காட்ட வாய்ப்பில்லாத மனிதர்.

அடுத்தது மணலைக் காற்றோடு பீய்ச்சி அடித்துத் துருவை உரிக்கிற வேலை. அது முடிந்ததும் வண்டி, குளித்துவிட்டுத் துண்டு தேடுகிற ஆள் மாதிரி வெளிறிப்போய் நின்றது.

"இனிமே ஒரு வாரம் காயப் போடணும் இல்லையா?" என்றார் வீட்டுக்காரர் ஆசையோடு.

"காயறதா! உரிச்ச இரும்பை ஒரு ராத்திரி சும்மா விட்டா மறுபடி துரு பூத்துடும் சார். இன்னைக்கே பிரைமர்."

"சாப்பிட்டுட்டு வந்து செய்யுங்களேன்."

"உங்க வேலைன்னா எனக்குப் பசியே தெரியல சார்."

வீட்டுக்காரர் தெருவில் நின்று யோசித்தார். ஊரிலேயே சோம்பேறியான மனிதரைத் தேடிப் பிடித்து, அவரைச் சுறுசுறுப்பாக்கி வைத்த பெருமை தன் ஒருவனுக்கே உரியது என்று தோன்றியது.

இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வது? வெளியில் வாய் திறக்கக் கூச்சப்படுகிற மனிதர். அவர் மனம் விட்டுப் பேசுகிற ஜீவன் உலகத்தில் ஒன்றுதான். தினமும் காலையில் லத்தி அள்ளிக்கொண்டே சின்னவளிடம் முணுமுணுப்பார். சின்னவளும் காதை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, அவர் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவாள். குறுக்கே பேசாமல் கேட்கிற பெண் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

"உனக்குத் துணை வேணுமாம் துணை. எனக்கு இடுப்பு வேண்டாமா? உங்கம்மாவுக்குத் தெரியாது, நான் வண்டியை எதுக்குக் குடுத்திருக்கேன்னு. மாசக் கடைசி வரைக்கும் இழுத்துட்டேன்னா சாம்பலாவது, நெருப்பாவது! எப்படி என் மூளை?"

சின்னவள் தும்மினாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இழுத்தடிக்க ஒரே வழி குறை கண்டுபிடிப்பதுதான். ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். வண்டியை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். இரும்பு டங், டங் என்று நல்ல பதிலாகவே சொல்லிக்கொண்டு வந்தது. கடைசியில் மணல் எட்டாத அடிப்பாகத்தில் மல்லாந்து படுத்து, தரைப் பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களைத் தட்டினார். மூன்றாவது சட்டம் டங் என்று சொல்லவில்லை. சுத்தியல் உள்ளே போய்விட்டது.

நாளைக்கு குனிந்து பார்த்தார். பக்கத்துச் சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். அதுவும் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது.

"சார், குதிரை நிக்கறது இதுக்கு மேலதானே?"

வீட்டுக்காரர் சுத்தியலை வெளியே இழுத்தார். பலகைக்கு மேலே சின்னவளின் நான்கு கால்கள், கீழே ஓடுகிற ரோடு, நடுவில் இந்தத் தூள். அவருக்கு வேர்த்துவிட்டது. அந்தக் கொஞ்ச நேரம் சாம்பல் குதிரை, எட்டுத் தள்ளுவண்டி, மாசக் கடைசி எதுவும் நினைவில் இல்லை.

"ரெண்டையும் அறுத்துட்டுப் புதுசா வெல்டிங் வைக்கணும். மத்ததையும் பாருங்க. நான் கூடவே இருக்கேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோதுதான், இதனால் வேலை தள்ளிப்போகிறது என்கிற லாபம் நினைவுக்கு வந்தது. சந்தோஷப்பட்டுக்கொண்டார். ஆனாலும் அன்றைக்கு லாயத்தில் சின்னவளின் கால்களை ஒவ்வொன்றாகத் தடவிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டால் கொசு என்று சொல்லியிருப்பார்.

அடுத்து நிறம். நாளைக்கு பச்சையில் மாதிரி அடித்துக் காட்டினார்.

"இது தவளைப் பச்சை."

இன்னொன்று காட்டினார்.

"இது ஆஸ்பத்திரிப் பச்சை."

இன்னொன்று.

"இது மூணாவது நாள் காய்ச்சல்காரன் முகத்துல இருக்கற பச்சை."

நாளைக்கு கோபப்படவே இல்லை. "ரசனையுள்ள மனுஷன் சார் நீங்க" என்று நான்காவதைக் கலக்கப் போனார். "வெளியில எந்தப் பச்சை வேணா வச்சுக்குங்க சார். உள்ள மட்டும் வெள்ளைதான். உள்ள இருட்டா இருந்தா குதிரை கால் வைக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? குதிரை வளர்த்திருக்கீங்களா?"

"சொன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று வீட்டுக்காரர் கேட்டிருக்கலாம். ஐந்தாவது பச்சையை எப்படி வேண்டாமென்று சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டார்.

மாசக் கடைசி வந்தது. அன்று மத்தியானம் வீட்டுக்காரி பரிமாறிக்கொண்டே பெருமூச்சு விட்டாள்.

"அந்தச் சாம்பல் குதிரை போயிடுச்சுங்க. வேற யாரோ வந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களாம். தம்பி சொன்னான்."

வீட்டுக்காரர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். சோகமான முகம் எப்படி வைப்பது என்று இரண்டு நாளாகக் கண்ணாடியில் பழகியிருந்தார். அதை எடுத்து வைத்துக்கொண்டார்.

"அடடா. என்னாலதான். அந்தப் பெயிண்டர் இப்படி இழுத்தடிப்பான்னு நான் கண்டேனா?"

"விடுங்க. நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான். நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

"இல்லம்மா, எனக்குத் தொண்டையில இறங்கவே இல்ல" என்றார். மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

கை கழுவியதும் பட்டறைக்கு ஓடினார்.

"அண்ணே! அந்த நாலாவது பச்சையே பிரமாதம். எப்ப முடியும்?"

கேட்கக்கூடாத கேள்வி. நாளைக்கு அவரை வருத்தத்தோடு பார்த்தார். "நீங்களுமா சார்?" என்றார். பிறகு, "நாலாவது பச்சைதான் போன வாரமே அடிச்சுட்டேனே. உள்ளுக்குள்ள ஒரு சின்ன வேலை பாக்கி. நாளைக்குக் கொண்டாந்து விடறேன்" என்றார்.

"என்ன சின்ன வேலை?"

"சின்னதுதான் சார்."

மறுநாள் வண்டி வந்தது. அது வண்டி இல்லை, கல்யாணப் பெண். அடர்ந்த பச்சையில் முகம் தெரிந்தது. தாழ்ப்பாள்கள் மின்னின. ஒரு சொட்டு வழியவில்லை. முன்பு முற்றத்தில் இருந்த ஐந்து பேரும் இப்போதும் இருந்தார்கள். நாளைக்கோடு சேர்த்து ஆறு.

"பிரமாதம்! இதுல நானே ஏறிப் போகலாம் போலிருக்கு" என்றார் சுவர் மேலிருந்து அடுத்த வீட்டு சார்.

"மாமாவுக்குத்தான் எல்லாப் பெருமையும்" என்றான் தம்பி.

வீட்டுக்காரி கணவனைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு கனிவு. வீட்டுக்காரர் மார்பை நிமிர்த்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக மனைவியை ஜெயித்திருக்கிறார், அதற்கு அவளிடமே பாராட்டும் வாங்குகிறார். ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஏறுபலகையை இறக்கினார்கள். உள்ளே பால் வெள்ளை. சின்னவள் முன்னங்காலை வைத்தாள். எட்டிப் பார்த்தாள். காலை எடுத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, துணை இல்லாம ஏற மாட்டேங்கறா" என்றாள் வீட்டுக்காரி. குரலில் வருத்தம் அவ்வளவாக இல்லை. பெயிண்டர் பக்கம் திரும்பி, "அண்ணே, போல்ட்டெல்லாம் சரியா மாட்டிட்டீங்களா? எங்க வீட்டுக்காரர் அதுல ரொம்பக் கறார்" என்றாள்.

"எல்லாம் சரிம்மா. அறுபத்து எட்டு."

வீட்டுக்காரருக்கு முள் தைத்த மாதிரி இருந்தது. "எத்தனை?"

"அறுபத்து எட்டு."

"அறுபத்து நாலுதானே குடுத்தேன்? ரெண்டு தடவை எண்ணியிருக்கேன்! கூடுதலா நாலு எங்கேர்ந்து வந்தது?"

"உள்ள இருக்கு சார். பார்த்துக்குங்க."

இந்த மாதிரி இடத்தில் வேறு யாராக இருந்தாலும், நாலு போல்ட் கூடினால் கூடட்டும் என்று விட்டுவிடுவார்கள். வீட்டுக்காரரால் முடியாது. விறுவிறுவென்று ஏறுபலகையில் ஏறினார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே இடது அறையின் கோடி வரை போனார். அங்கே சுவரோடு சுவராக, அவர் கேட்காத, அவர் பார்த்தே இராத ஒரு மடக்கு நாற்காலி. பச்சை மெத்தை வேறு. அதைச் சுவரோடு பிடித்திருந்தவை நான்கு போல்ட்டுகள்.

"இது என்னது?" என்று முணுமுணுத்தார். "யாரைக் கேட்டு இதை..."

முணுமுணுப்பு முடியவில்லை. பின்னால் டக், டக், டக், டக் என்று பலகை அதிர்ந்தது. தினமும் காலையில் கேட்டுப் பழகிய அந்தக் குரலைத் தொடர்ந்து சின்னவள் தானாக நடந்து வந்து, வலது அறையில் நின்று, தடுப்புக்கு மேலே தலையை நீட்டி அவர் தோளில் வைத்துக்கொண்டாள்.

பின்னால், குதிரை பின்வாங்காமல் இருக்க அறைக்கு ஒன்றாகப் போடுகிற இரண்டு குறுக்குக் கம்பிகளும் விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு.

"ஏறிட்டா!" என்று சுவர் மேலிருந்து கைதட்டல்.

"ஏம்மா! கம்பிய எடு! நான் உள்ள இருக்கேன்!"

"தெரியுதுங்க. உக்காருங்க. நாற்காலி உங்களுக்காகத்தான் போடச் சொன்னேன். இடுப்பு வலின்னு சொன்னீங்களே."

"நான் எப்ப உங்கிட்ட சொன்னேன்?"

"எங்கிட்ட சொல்லல. தினமும் காலையில அவகிட்ட சொல்றீங்களே. லாயத்துக்கு நேரா இருக்கறது நம்ம அடுக்களை ஜன்னல்தாங்க. மூளையப் பத்திச் சொன்னதையும் கேட்டேன்."

வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வண்டி ஓடும்போது ஆள் உள்ள இருக்கக் கூடாது. அது சட்டம்!"

"ஓடும்போது வேண்டாம். நிக்கும்போது இருங்க. தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அவளோட உக்காந்து ஏதாவது முணுமுணுத்துக்கிட்டே இருங்க, போதும். வண்டி பழகிடும். ஞாயித்துக்கிழமை நீங்க முதல்ல ஏறுங்க, அவ பின்னாலயே ஏறுவா. நீங்க இறங்கி முன்னால காருக்கு வந்துடலாம். மைதானத்துல இறக்கும்போதும், திரும்ப ஏத்தும்போதும் இதே மாதிரி."

காலையில் நான்கு தள்ளுவண்டி. சாயங்காலம் ஒரு மணி நேரம். ஞாயிறு முழுக்க. கணக்குப் போட்டார். எட்டுத் தள்ளுவண்டியே தேவலை போலிருந்தது.

"மாப்ளே!" என்று கத்தினார். "அந்தச் சாம்பல் குதிரைய வாங்கினது யாருன்னு கேளு! திருப்பிக் கேப்போம்! நானே லத்தி அள்றேன்! துணைக்கு அதுவே இருக்கட்டும்!"

தம்பியும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்தச் சாம்பல் குதிரை, மாமா?" என்றான் தம்பி.

அடுத்த வீட்டு சார் இருமினார். இருமல் பாதியிலேயே சிரிப்பாக உடைந்து, முக்காலி சாய்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் எதுவோ விழுந்தது.

வீட்டுக்காரி கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பத்து வருஷம் வாயால கேட்டேன். நீங்க பெயிண்ட் அடிக்கல. தரை எப்படி இருக்கோன்னு எனக்கு உள்ளுக்குள்ள பயம், அதையும் நீங்க பார்க்கல. ஒரு குதிரை வருதுன்னதும் நீங்களே தேடிப் போய்க் குடுத்து, சுத்தியலால தட்டித் தட்டி அந்தச் சட்டத்தைக் கண்டுபிடிச்சீங்க. உங்கள மாதிரி எண்ணிப் பார்க்க வேற யாருக்குங்க வரும்?" என்றாள். அதில் கேலி எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று அவரால் பிரித்து எண்ண முடியவில்லை.

சின்னவள் அவர் காதில் மூச்சு விட்டாள்.

"இன்னொரு குதிரை வேண்டாம்னீங்க, சரின்னுட்டேன். நீங்க கேட்டு நான் மாட்டேன்னு சொன்னது உண்டா? துணைக்குத்தான் ஆள் இருக்கே. நீங்களே கணக்குப் பாருங்க."

அவர் பார்த்தார். பழக்கத்தை விட முடியவில்லை. வண்டியில் அறை இரண்டு. சின்னவள் எடுத்துக்கொண்டது ஒன்று. இன்னொரு தடவையும் எண்ணிப் பார்த்தார்.

மீதி ஒன்றுதான்.